லேப்வியூ சார்ட்டின் எக்ஸ் அச்சில் 1904 ஏன் வருகிறது?

வணக்கம் சார்,

அளவீட்டுக்கான நிரலாக்க மென்பொருளான லேப்வியூவில் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வெப்பநிலையை வேவ்ஃபார்ம் சார்ட்டில் (ஓடும் வரைபடம்) வரைகிறேன். எக்ஸ் அச்சில் 0, 1, 2 என்று வருவதற்குப் பதிலாகக் கடிகார நேரம் வேண்டும். டிஸ்பிளே ஃபார்மேட்டை அப்சல்யூட் டைம் என்று மாற்றினால் 1904ஆம் ஆண்டுத் தேதி வருகிறது. எப்படிச் சரிசெய்வது? ‘சூடேற்றல்’, ‘குளிர்வித்தல்’ என்ற சொற்களையே அச்சில் காட்ட முடியுமா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் மாற்றியது எண்ணின் தோற்றத்தை மட்டும்தான். எண் அப்படியே இருக்கிறது. லேப்வியூவில் நேரம் என்பது 1904 ஜனவரி 1 முதல் கடந்த வினாடிகளின் எண்ணிக்கை. சார்ட்டுக்கு நீங்கள் அனுப்புவதோ வெறும் வெப்பநிலை. எக்ஸ் மதிப்பை அதுவே 0, 1, 2 என்று எண்ணிக்கொள்கிறது. அந்தச் சிறிய எண்களை நேரமாகப் படித்தால் 1904தான் வரும்.

சார்ட்டின் எக்ஸ் மதிப்பு, வரிசை எண்ணை மல்டிப்ளையரால் (இரு புள்ளிகளுக்கு இடையிலான இடைவெளி) பெருக்கி ஆஃப்செட்டைக் (தொடக்க மதிப்பு) கூட்டியது. இந்த இரண்டையும் சரியாகக் கொடுத்தால் போதும். சார்ட்டின் மேல் வலது கிளிக் செய்து, கிரியேட் வழியாக ஒரு பிராப்பர்ட்டி நோட் (சார்ட்டின் அமைப்புகளை நிரலிலிருந்து மாற்றும் பெட்டி) எடுங்கள். அதைக் கீழே இழுத்து மூன்று வரிசையாக்கி, சேஞ்ச் ஆல் டு ரைட் (Write) கொடுங்கள். முதல் வரிசை ஹிஸ்டரி டேட்டா (சார்ட் வைத்திருக்கும் பழைய புள்ளிகள்): வெற்று அரே, அதாவது காலிப் பட்டியல். இரண்டாவது எக்ஸ் ஸ்கேலின் ஆஃப்செட்: கெட் டேட்/டைம் இன் செகண்ட்ஸ் தரும் நேரத்தை டபுள் பிரிசிஷன் (64 பிட்) எண்ணாக மாற்றி இணையுங்கள். மூன்றாவது மல்டிப்ளையர்: 0.1.

நோட் மேலிருந்து கீழாக இயங்கும். ஹிஸ்டரியை அழிக்காமல் விட்டால் முந்தைய ஓட்டத்தின் புள்ளிகள் சார்ட்டில் தங்கிவிடும், வரிசை எண்ணும் அங்கிருந்தே தொடரும். இன்றைய முதல் அளவு எதிர்கால நேரத்தில் போய் நிற்கும். பலரும் தடுமாறுவது இங்கேதான். நோட்டை அளவெடுக்கும் லூப்புக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) வெளியே, அது தொடங்கும் முன் வையுங்கள். உள்ளே வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் திரை வேலைக்காகக் காத்திருந்து லூப் மெதுவாகும். அச்சில் தேதி தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள். மணி, நிமிடம், வினாடி மட்டும் இருந்தால் நெரிசல் குறையும்.

0.1 என்பது லூப் உண்மையிலேயே 100 மில்லிசெகண்டில் சுற்றினால்தான் சரி. கோப்பில் எழுதுவது போன்ற வேலையால் ஒரு சுற்று நீண்டால் அச்சு நேரம் பின்தங்கும், மீண்டும் சேராது. அளவுகளின் இடைவெளி சீராக இல்லையென்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ், ஒய் இரண்டையும் நாமே கொடுக்கும் எக்ஸ்ஒய் கிராஃபுக்குப் போய்விடுங்கள். அது பழைய புள்ளிகளைத் தானே வைத்திருக்காது என்பதால் நேரம், வெப்பநிலை என்ற இரண்டு அரேக்களையும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரில் (ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோவது) சேர்த்துவர வேண்டும்.

அச்சில் சொற்கள் நேரடியாக வராது. டெக்ஸ்ட் லேபிள் வசதி ஸ்லைடு கன்ட்ரோலுக்கு உண்டு, கிராஃப் அச்சுக்கு இல்லை. அச்சின் மேல் தனி லேபிள்களை ஒட்டுவது வழக்கம். ஆட்டோஸ்கேலை (எல்லைகள் தானே மாறுவது) நிறுத்தி எல்லைகளை நிலையாக வைத்தால் மட்டுமே அது பொருந்தும், ஓடும் சார்ட்டுக்கு உதவாது. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது எக்ஸ்ஒய் கிராஃபில் அனோட்டேஷன் (கிராஃபுக்குள் எழுதும் குறிப்பு). கட்டம் மாறும் நேரத்தில் புள்ளியோடு பிணைத்துவிட்டால், அச்சு நகர்ந்தாலும் சொல் தன் புள்ளியை விட்டுப் பிரியாது.

எக்ஸ்ஒய் கிராஃபுக்கு மாறும்போது நேர அரேயை சிங்கிள் பிரிசிஷனாக (32 பிட்) மாற்றிவிடாதீர்கள். 1904இலிருந்து இன்று வரையான வினாடிகள் 380 கோடிக்கும் மேல். அந்த அளவில் சிங்கிள் பிரிசிஷன் 256 வினாடிக்குக் குறைவான வித்தியாசத்தைப் பிடிக்காது. நான்கு நிமிடத்துக்கும் மேலான அளவுகள் ஒரே செங்குத்துக் கோட்டில் குவிந்துவிடும்.