ரேஸ் குதிரையை கிராஸ்-கன்ட்ரிக்குத் தயார் செய்ய மூன்று மாதம் போதுமா?

கோவை வாசகர் ஒருவர் ரேஸிலிருந்து விலக்கிய ஆறு வயது தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனக் குதிரை) ஒன்றை வாங்கியிருக்கிறார். எட்டு மாதமாகச் சும்மா நின்ற குதிரை. மூன்று மாதத்தில் தொடக்கநிலை கிராஸ்-கன்ட்ரி ஒன்றில், அதாவது திறந்த வெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டியில், இறக்க ஆசை. “ரேஸ் குதிரைக்கு உடம்பு தானா வந்துடும், வாரம் ரெண்டு தடவை கேலப் (நாலுகால் பாய்ச்சல்) விட்டாப் போதும்” என்கிறாராம் விற்ற தரகர்.

தயவுசெய்து அப்படி கேலப் விடாதீர்கள். குதிரையின் காலைக் கெடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ரேஸில் 1,200 மீட்டரை ஒன்றேகால் நிமிடத்துக்குள் ஓடிவிடுகிற குதிரைக்கு கிராஸ்-கன்ட்ரி வேகம் ஒரு பொருட்டே அல்ல. சர்வதேசப் போட்டிகளில் மிகக் கீழ்நிலையான ஒற்றை நட்சத்திரப் போட்டியிலேயே நிமிடத்துக்கு 500 மீட்டர்தான், உங்களுக்கு இன்னும் குறைவு. ஆனால் மேடு பள்ளத்தில் நிற்காமல் சில நிமிடம் ஓடி, ஒவ்வொரு தடையைத் தாண்டும்போதும் மொத்த எடையையும் முன்னங்காலில் வாங்கி இறங்க வேண்டும். மூச்சு சில வாரங்களில் தேறும், தசைக்குச் சில மாதம், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இறங்கும் டெண்டனுக்கும் (தசைநாண்) எலும்புக்கும் அதைவிட நாளாகும். ஆறாவது வாரம் குதிரை துள்ளும், நமக்கும் கை துறுதுறுக்கும், அப்போதுதான் கால் போகும்.

முதல் மாதம் நடை மட்டும், கெட்டியான தரையில், 20 நிமிடத்தில் தொடங்கி ஒரு மணி நேரம் வரை. இரண்டாம் மாதம் டிராட் (துள்ளு நடை), கொஞ்சம் கொஞ்சமாக மேட்டில். மூன்றாம் மாதம் கேன்டர் (கேலப்பைவிட மெதுவான ஓட்டம்): நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம், நடுவே மூன்று நிமிடம் நடை, இப்படி மூன்று முறை, நாலு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். தாவல் வாரம் ஒரு நாள், தாழ்வான கட்டைகள். கேன்டர் முடித்துப் பத்து நிமிடம் நடத்திவிட்டு, தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரலை வைத்து உருட்டுங்கள், கயிறு மாதிரி ரத்தக்குழாய் தட்டுப்படும். அதன் துடிப்பை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். 60 பக்கம் வந்திருந்தால் சரி. 80-லேயே நின்றால் அன்றைய வேலை அதிகம். வெயிலில் சூடான குதிரைக்கு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்று சைஸ் (குதிரைக்காரர்) சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதல் மாத நடையைக் குறைக்கலாமா என்றால், ஒரே ஒரு நிலையில் குறைக்கலாம்: குதிரை நின்றது மூன்று நாலு வாரம்தான் என்றால். அதுவும் காயத்துக்காக நிறுத்தியிருக்கக் கூடாது, நின்ற நாளிலும் தினம் வெளியே நடந்திருக்க வேண்டும், அதைத் தரகர் வாயால் கேட்டால் போதாது, லாயத்தில் தீனி போட்டவரிடம் கேட்க வேண்டும். உங்கள் குதிரை எட்டு மாதம் நின்றது, அதற்கு இது பொருந்தாது.

இனி தரகர் விஷயம். விற்கும் நாளில் வலி ஊசி போட்டு நொண்டலை மறைப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. அடுத்து அவரே “ஸ்டாமினாவுக்கு” இரும்புச்சத்து ஊசி கொண்டுவருவார். நல்ல காய்ந்த புல்லும் பச்சைப் புல்லும் தின்கிற குதிரைக்கு இரும்பு குறைவது அபூர்வம்; ரத்தத்தில் ஏற்றும்போது ஒவ்வாமையில் குதிரை அந்த இடத்திலேயே விழுந்து சாகலாம். பெயர் எழுதாத பாட்டில் எதுவும் லாயத்துக்குள் வரக் கூடாது, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

என்னிடம் வரும் ரேஸ் குதிரைகள் பெரும்பாலும் ஒரு துண்டு வைத்தியக் குறிப்புகூட இல்லாமல்தான் வருகின்றன. எந்தக் காலில் எப்போது அடிபட்டது என்று எழுதி வைத்திருப்பவர்கள் அதை வாங்குகிறவரிடம் கொடுக்க என்ன தடை? கேட்டால் இந்த ஆபீஸுக்குப் போ, அந்த ஆபீஸுக்குப் போ என்று அலையவிடுகிறார்கள். அதனால் செலவு உங்கள் தலையில்: தரகருக்குத் தெரிந்தவர் அல்லாத கால்நடை மருத்துவரை வைத்து இரண்டு முன்னங்காலுக்கும் அல்ட்ராசவுண்ட் எடுங்கள், இந்த வாரமே. சுத்தமாக இருந்தால் மூன்று மாதத்தில் மிகத் தாழ்ந்த நிலையில் இறக்கலாம். தினமும் காலையில் சேணம் போடுமுன் இரண்டு காலையும் மேலிருந்து கீழே தடவி, ஒன்றில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கு ஏறாதீர்கள். ஸ்கேனில் டெண்டனில் பழைய தழும்பு தெரிந்தால் இந்தப் போட்டியை விட்டுவிட்டு, அந்த மருத்துவர் சொல்கிற கணக்கில் நடையிலிருந்து தொடங்குங்கள்.