தூக்கத்தைக் கெடுப்பது வைரஸா, வாரத் தவணையா?

கேள்வி: திருப்பூர் பக்கத்தில் காம்பவுண்ட் வீட்டில் குடியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. 2020-ல் கம்பெனியை மூடியபோது இரண்டு மாதம் தூக்கமே இல்லை. நெஞ்சு படபடக்கும், பிள்ளைகளை அடித்துவிடுவேன். இப்போதும் புது வைரஸ் என்று செய்தி வந்தாலே அதே படபடப்பு. மறுபடி அப்படி ஒரு காலம் வந்தால் எப்படித் தாங்குவது? தியானம் செய்யச் சொல்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் நாலு பேர். எங்கே உட்காருவது?

பதில்: உட்காரவே வேண்டாம். அது தனியறை உள்ளவர்களுக்கான யோசனை. அதைச் செய்ய முடியவில்லையே என்று இன்னொரு குறையையும் நீங்கள் சுமக்காதீர்கள்.

உங்களைப் போன்ற பெண்கள் எங்களிடம் வந்தால் 'மனது சரியில்லை' என்று சொல்வது அபூர்வம். 'தலை பாரமாக இருக்கிறது, கை கால் மரத்துப்போகிறது' என்பார்கள். கவலை முதலில் உடம்பில்தான் தெரியும். ஆனால் இரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட இதே படபடப்பைத் தரும். ஆகவே முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது பணம். திருப்பூரில் வாரம் என்பது சனிக்கிழமைச் சம்பளத்தில் முடிவது. மளிகைக் கடை பாக்கியைக் கொடுத்து, பிள்ளைக்கு ஒரு தின்பண்டம் வாங்கினால்தான் வாரம் கழிந்த மாதிரி. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் அந்தச் சனிக்கிழமை காணாமல் போனது. கடன் தவணைக் கிழமை மட்டும் நினைவை விட்டுப் போகவில்லை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. தள்ளுபடி என்று நினைத்தவர்கள் பிறகு திகைத்துப் போனார்கள்.

அப்போது ஓவர்லாக் டெய்லர் ஒருவர் தூக்க மாத்திரை கேட்டு வந்தார். பேச்சுக் கொடுத்ததில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால், தவணை கட்டியதைக் குறித்துத் தரும் கடன் அட்டைகள் ஐந்து இருப்பது தெரிந்தது. கணவருக்குத் தெரிந்தவை இரண்டு. மற்ற மூன்றையும் காவல் காப்பதுதான் இரவெல்லாம் அவர் பார்த்த வேலை. மொத்தம் எவ்வளவு என்று பயத்தில் கூட்டிப் பார்த்ததே இல்லை. பிள்ளையின் கணக்கு நோட்டுக் கடைசித் தாளில் இருவருமாகக் கூட்டினோம். தொகை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மறுவாரம் வந்து, 'மூன்று மணி வரை தூங்கினேனுங்க' என்றார்.

நீங்களும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, எந்தக் கிழமை. அதை ஒருவரிடமாவது காட்டுங்கள். கணவரிடம் காட்டினால் அடி விழும் என்றால் அக்காவிடமோ பக்கத்து வீட்டிலோ. வேலை இருக்கும் காலத்திலேயே ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஒரு ஷிப்டில் கட்ட முடிகிற தவணையே உங்கள் அளவு. 2022 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, நுண்கடன் (அடமானம் இல்லாமல் தரும் சிறு கடன்) வசூலுக்கு வருபவர் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ உங்களை அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. இதைத் தெரிந்துவைத்திருப்பதே ஒரு தெம்பு.

வீடடங்கும் நாட்களிலும் கம்பெனி வேன் வரும் நேரத்துக்கே எழுந்து குளித்துவிடுங்கள். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும். செய்தி ஒரு வேளை போதும். பிள்ளை மீது கை ஓங்கும்போது வாசலுக்கு வந்து ஒரு குடம் தண்ணீர் பிடித்துவிட்டுப் போங்கள். குழாயடியில் ஆறடி தள்ளி நின்றும் பேசலாம். அந்தப் பேச்சை வெட்டிப்பேச்சு என்று நான் சொல்லமாட்டேன்.

கணவர் தினமும் குடிப்பவரா? ஊரடங்கில் மதுக்கடை மூடிய முதல் சில நாட்களில் கைநடுக்கம், உளறல், வலிப்பு வரலாம். திருந்துகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். உங்களை அடித்தால் 181.

தூக்கமும் பசியும் இரண்டு வாரம் தொடர்ந்து கெட்டிருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 'நான் இல்லாவிட்டால் பிள்ளைகளாவது நன்றாக இருக்கும்' என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே போங்கள். சாணிப் பவுடர் (வாசல் தெளிக்கும் விஷச் சாயப்பொடி), பூச்சி மருந்து எதுவும் வீட்டில் வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அறைக்குள் பேச வழியில்லை என்றால், துணி காயப்போடப் போகும்போது போனையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.