வாடகைக் காரைத் திருப்பி விட்ட பிறகு ₹34,928 கேட்கிறார்கள்: கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். குடும்பத்தோடு புதுச்சேரி போய்வர, ஆப் மூலம் ஒரு சின்ன காரை செல்ஃப் டிரைவுக்கு இரண்டு நாள் எடுத்தேன். வாடகை ₹4,300, டெபாசிட் ₹5,000; இரண்டையும் யுபிஐ-யில் கட்டினேன். எடுக்கும்போது ஓடோமீட்டர் 71,200 கி.மீ. நான் ஓட்டியது 412 கி.மீ. முதல் நாளே ‘கிளட்ச் ரொம்ப மேலே வந்து பிடிக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். ‘ஓட்டுங்க சார், ஒண்ணும் ஆகாது’ என்று பதில் வந்தது. திரும்பும்போது மாமல்லபுரம் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை, கருகல் வாடை வேறு. விடுதிப் பார்க்கிங் சரிவில் முன் பம்பரின் அடிப்பக்கம் உரசியதும் உண்மை. மூன்றாம் நாள் கணக்கு அனுப்பினார்கள்: கிளட்ச் ₹14,800, பம்பர் ₹6,500, வண்டி ஓடாமல் நிற்கும் நான்கு நாளுக்கு ₹6,000, அதிவேகம் மூன்று முறை ₹1,500, உள்ளே சுத்தம் செய்ய ₹800. இதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்து ₹34,928. டெபாசிட் போக ₹29,928-ஐ 48 மணி நேரத்தில் கட்டாவிட்டால் போலீஸில் புகாராம். பில் எதுவும் தரவில்லை. ‘நாங்கள் வெறும் தளம், வண்டி வேறொருவருடையது, வழக்கு என்றால் பெங்களூரில்தான்’ என்கிறார்கள். ஆப்பில் ‘சம்மதம்’ அழுத்தித்தான் வண்டி எடுத்தேன். என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆனால் பதில் சொல்லாமலும் இருக்காதீர்கள். இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை. பம்பர் உரசியதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்; அதற்கான நியாயமான செலவை பில் பார்த்துத் தருகிறேன். கீழ்க்கண்ட ஆவணங்களை அனுப்புங்கள்’ என்று எழுதினால் போதும். பம்பரை மறைக்க வேண்டாம். ஒரு விஷயத்தில் நேர்மையாக இருப்பவர் மற்ற விஷயங்களில் மறுப்பதை நுகர்வோர் ஆணையம் காது கொடுத்துக் கேட்கும். எழுதி முடித்ததும் அந்த ஆப்பில் சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். யுபிஐ ஆட்டோபே அனுமதி கொடுத்திருந்தால் அதையும் ரத்து செய்யுங்கள்.

கணக்கில் பெரிய தொகை கிளட்ச்தான். உங்கள் பக்கம் பலமாக இருப்பதும் அதில்தான். வாடகைக்கு எடுத்த கார் என்பது சட்டத்தின் பார்வையில் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 151-இன்படி, உங்கள் சொந்த வண்டியைப் போல நிதானமாக ஓட்டினால் போதும். அப்படி ஓட்டியும் சேதம் வந்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை பிரிவு 152 உங்களைக் காக்கிறது. இவற்றையெல்லாம்விட உங்களுக்கு உதவுவது பிரிவு 150. வாடகைக்குக் கொடுத்த பொருளில் இருந்த குறையால் விளைந்த நஷ்டத்துக்குக் கொடுத்தவரே பொறுப்பு. அந்தக் குறை அவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் சரி. உங்கள் வழக்கில் முதல் நாளே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ‘ஓட்டுங்க’ என்று எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடலைத் தொலைத்துவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு என்ன வாதிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘நல்ல நிலையில் கொடுத்தோம், கெட்டுப்போய் வந்தது, கவனமாக ஓட்டினேன் என்று அவர்தான் காட்ட வேண்டும்’ என்பார்கள். சட்டத்தில் அந்த வாதத்துக்கு இடம் உண்டு. அதனால் கழற்றிய பழைய பாகங்களைக் கேளுங்கள். கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் நேரில் பார்க்க வேண்டும், அல்லது தெளிவான படங்கள் வேண்டும் என்று எழுதுங்கள். தட்டின் உராய்வுப் பட்டை ரிவெட் தலை தெரியும் அளவுக்கு எல்லாப் பக்கமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது பல ஆயிரம் கிலோமீட்டரில் வந்த தேய்மானம். அப்படித் தேய்ந்த தட்டுதான் வழுக்கும், பெடலும் மேலே வந்து பிடிக்கும். வழுக்கினால் சூடேறும், வாடை வரும். பட்டை தடிமனாக இருந்தும் கருகி விரிசல் விட்டிருந்தால், பாதி கிளட்சில் கால் வைத்தே ஓட்டியதாக அவர்கள் சொல்ல இடமுண்டு. பிரஷர் பிளேட்டில் நீலத் திட்டு இருப்பது சூட்டின் அடையாளம் மட்டுமே. தேய்ந்த தட்டு வழுக்கினாலும் அது வரும், அதை வைத்து மட்டும் உங்கள்மேல் பழி போட முடியாது. சின்ன காரில் கிளட்ச் சாதாரணமாக 60,000 முதல் 1,00,000 கி.மீ. வரை தாங்கும். வாராவாரம் வேறு வேறு கால் மிதிக்கும் செல்ஃப் டிரைவ் வண்டியில் அதற்கும் குறைவுதான். 71,612 கி.மீ. ஓடிய வண்டியில் உங்கள் 412 கி.மீ. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சர்வீஸ் வரலாற்றையும் கேளுங்கள்: கடைசியாக கிளட்ச் மாற்றியது எத்தனை கிலோமீட்டரில் என்று. அதே மாடலுக்கு கிளட்ச் செட், கூலி சேர்த்து என்ன ஆகும் என்று அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு சர்வீஸ் சென்டரில் கொட்டேஷன் வாங்கி வையுங்கள். ₹14,800 நியாயமா என்பதை அந்தக் காகிதம் காட்டிவிடும்.

பம்பருக்கு வருவோம். உரசல் உங்களுடையது, ஆனால் தொகை கேள்விக்குரியது. மாற்றினார்களா, பெயின்ட் மட்டும் அடித்தார்களா? மாற்றியதாகச் சொன்னால் பாகத்தின் பில், பழைய பம்பரின் படம் இரண்டும் வேண்டும். நீங்கள் எடுக்கும்போது பிடித்த வீடியோவில் அடிப்பக்கம் தெரிகிறதா பாருங்கள். பழைய கீறலில் மண்ணும் எண்ணெயும் படிந்து கறுத்திருக்கும். புதுக் கீறலில் பிளாஸ்டிக் வெளிறித் தெரியும். அடுத்து, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் செய்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள், ‘ஜீரோ டெப்’ என்ற கூடுதல் பாதுகாப்பு இருந்தால் கழிக்க மாட்டார்கள். காப்பீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு அதே தொகையை உங்களிடமும் வாங்க முடியாது. க்ளெய்ம் எண்ணையும் சர்வேயர் அறிக்கையையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற மூன்றும் அபராத வகை. ஒப்பந்தத்தில் ஒரு தொகையை அச்சடித்துவிட்டால் மட்டும் அது கடனாகிவிடாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி, எழுதப்பட்ட தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் இதைத் தெளிவாக்கியது: நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடும் இல்லை. உங்கள் ‘அதிவேகம்’ போலீஸ் போட்ட அபராதம் அல்ல, வண்டியிலிருந்த ஜிபிஎஸ்ஸைப் பார்த்து நிறுவனம் போட்டது. போலீஸின் இ-சலான் வந்திருந்தால் பரிவாஹன் என்ற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் தெரியும். அப்படி வந்திருந்தால் அது உங்கள் செலவு. இல்லாவிட்டால் ஜிபிஎஸ் பதிவைத் தேதி, நேரம், இடத்தோடு கேளுங்கள். நான்கு நாள் வாடகை நஷ்டம் என்றால் அந்த நாட்களில் ஏற்கெனவே வந்திருந்த முன்பதிவுகளைக் காட்டட்டும். சுத்தம் செய்ததற்கு முன்னும் பின்னும் எடுத்த படம் வேண்டும்.

ஜிஎஸ்டி பற்றி: சேதத்துக்கான இழப்பீடு ஒரு சேவைக்கான விலை ஆகாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 3.8.2022 தேதியிட்ட 178/10/2022 எண் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. பழுது பில்லுக்குள் வரும் வரி வேறு. இழப்பீட்டின்மேல் தனியாக 18% ஏற்றினால், ஜிஎஸ்டி எண்ணோடு வரி இன்வாய்ஸ் கேளுங்கள். அதைத் தரத் தயங்கினால் அந்த ₹5,328 வரியே அல்ல என்று பொருள்.

போலீஸ் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். வண்டியை உரிய நேரத்தில் திருப்பி விட்டீர்கள். மிச்சம் இருப்பது பணத் தகராறு, அது சிவில் விவகாரம். ஸ்டேஷனிலிருந்து அழைத்தால் ஆவணங்களோடு போய் எழுத்தில் பதில் கொடுங்கள். அங்கே உட்கார்ந்து ‘கட்டுகிறேன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பெங்களூர் நிபந்தனையும் உங்களைக் கட்டுப்படுத்தாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னாலும், நுகர்வோர் ஆணையத்தை அது தடுக்காது. ‘நாங்கள் வெறும் தளம்’ என்பதற்கு மின்வணிக விதிகள் 2020 பதில் வைத்திருக்கிறது: தளம் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சம்மதக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்தால் அந்த விதிகளின்படி அது செல்லாது. அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். வழக்கில் தளம், வண்டி உரிமையாளர் இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள்.

வரிசை இதுதான். முதலில் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், கூடவே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு. பல தகராறுகள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ். நீங்களே கையெழுத்திட்டு அனுப்பலாம். அதன்பின் சென்னை (தெற்கு) மாவட்ட ஆணையத்தில் புகார், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். கட்டணம் நீங்கள் கொடுத்த வாடகையைப் பொறுத்தது. ₹5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கெடு இரண்டு ஆண்டு. வாட்ஸ்அப் பக்கங்களையும் வீடியோவையும் சேர்க்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 (சாட்சியச் சட்டம்), பிரிவு 63 மின்னணு ஆதாரத்துக்குக் கேட்கும் சான்றிதழையும் இணையுங்கள். ஃபோனை மாற்றாதீர்கள், அசல் கோப்பு அதில்தான் இருக்கிறது.

மனுவில் ஒரு எச்சரிக்கை. ‘இது நியாயமற்ற ஒப்பந்தம், ரத்து செய்யுங்கள்’ என்று எழுதினால் அது மாநில ஆணையத்தின் அதிகாரத்துக்குப் போய்விடும். மாவட்ட ஆணையம் திருப்பி அனுப்பும். ‘சேவைக் குறைபாடு’, பில் தராததால் ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற இரண்டோடு நிறுத்துங்கள். கேட்க வேண்டியது: நியாயமான பம்பர் செலவு போக மீதி டெபாசிட், ₹29,928 கேட்க உரிமை இல்லை என்ற உத்தரவு, மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை.

இனி வண்டி எடுப்பவர்களுக்கு. சின்ன கார் வாடகை குறைவு, பெட்ரோலும் குறைவு, சந்துக்குள்ளும் நுழையும். ஒழுங்கான நிறுவனத்தில் ஆள் ஒருவர் கூடவே நடந்து கீறல்களைக் குறித்துக் கையெழுத்து வாங்குவார். திரும்பும்போதும் அப்படியே, டெபாசிட்டும் சிக்கலில்லாமல் வந்துவிடும். ஆள் வராமல் சாவியை மட்டும் ஆப்பில் திறக்கும் இடத்தில் நீங்களே செய்யுங்கள். எண் பலகையில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோ: நான்கு மூலை, பம்பர் அடிப்பக்கம் குனிந்து, டயர் பக்கச்சுவர், கண்ணாடி, கூரை, ஸ்டெப்னி, ஜாக்கி, ஓடோமீட்டர், பெட்ரோல் முள். பாதாள பார்க்கிங் என்றால் டார்ச் அடித்து எடுங்கள். வண்டியை நகர்த்தும் முன்பே அதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

பலகையின் நிறத்தையும் பாருங்கள். செல்ஃப் டிரைவுக்கு அனுமதி பெற்ற காரில் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். விலை குறைகிறது என்று ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு எடுத்தால், பெர்மிட் இல்லாத வண்டியை ஓட்டியவர் என்ற முறையில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 192ஏ உங்கள்மேலும் பாயும். முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறையும் ₹10,000 அபராதமும் உண்டு. விபத்து என்றால், ‘வாடகைக்கு விட்ட தனியார் வண்டி’ என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும்.

மழைக்காலத்தில் கனமழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரைப் பாலத்தின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். வாடகைக் காரையும் அப்படிப் பார்த்துக்கொண்டால் அதுதான் பிரிவு 151 சொல்லும் கவனம். தண்ணீரில் நின்ற வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்தால், தனி இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய பாலிசி அதை ஏற்காது. தண்ணீர் மட்டம் தெரியப் படம் எடுத்து, இழுவை வண்டி அனுப்பச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.