துபாய் மகனோடு காசில்லாமல் பேச எந்தச் செயலி?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். மகன் துபாயில், மகள் கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை. முன்பு பழைய லேப்டொப்பில் ஸ்கைப் போட்டுப் பேசுவோம், இப்போது அது திறப்பதே இல்லை. வட்ஸ்அப்பில் மகள் கிடைக்கிறாள். மகனுக்கு எடுத்தால் 'கனெக்டிங்' என்றே நிற்கிறது. எங்கள் பக்கம் சிக்னலும் சுமார்தான். எதைப் போடலாம்?

பதில்: லேப்டொப்பில் பிழை இல்லை. ஸ்கைப்பை மைக்ரோசொஃப்ட் நிறுவனமே 2025 மே 5ஆம் திகதி மூடிவிட்டது. 'பழைய ஸ்கைப் இங்கே கிடைக்கும்' என்று எந்தத் தளமாவது கூப்பிட்டால் போக வேண்டாம், வைரஸ்தான் வந்து சேரும்.

மகன் விஷயத்தில் உங்கள் சிக்னலைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவும் போகும். கோல் மட்டும் தடை. அங்கே அனுமதி பெற்ற செயலிகள் வழியாகத்தான் இணையத்தில் பேச முடியும். அவற்றில் அதிகம் பேர் வைத்திருப்பது போட்டிம் (BOTIM). மகன் அங்கே போட வேண்டும், நீங்களும் இங்கே அதையே போட வேண்டும். அவன் சிம்மில் இதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கிறார்களா என்று அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். 'விபிஎன் போட்டால் வட்ஸ்அப்பே வேலை செய்யும்' என்று அறையில் இருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். வேறு நாட்டிலிருந்து இணையத்துக்கு வருவதுபோல் காட்டும் செயலி அது. வேண்டாம். விபிஎன்னைத் தவறாகப் பயன்படுத்தினால் அந்த நாட்டுச் சட்டம் விதிக்கும் தண்டம் 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. கோல் காசை மிச்சம் பிடிக்கப் போய் வேலையையே தொலைக்க வேண்டுமா?

மகளுக்கு வட்ஸ்அப்பே போதும், மாற்றாதீர்கள். விளம்பரமே இல்லாத ஒன்று வேண்டுமென்றால் 'சிக்னல்' என்ற பெயரிலேயே ஒரு செயலி இருக்கிறது. இலாப நோக்கில்லாத அறக்கட்டளை நன்கொடையில் நடத்துவது. ஆனால் மகளின் போனிலும் அது இருந்தால்தான் பேசலாம். நம் பக்கம் பலர் வைத்திருக்கும் இமோ மெதுவான இணையத்திலும் ஓடும், உண்மைதான். விளம்பரமும் முகம் தெரியாதவர்களின் அழைப்பும் அதில் அதிகம். வயதானவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

இனி உங்கள் பக்கத்து டவர் சிக்னல். பனி மூட்டத்தால்தான் கோல் வெட்டுகிறது என்று பலரும் சொல்வார்கள். போன் அலைகளுக்குப் பனி ஒரு தடையே இல்லை. தடுப்பது இடையில் நிற்கும் மலையும் தலைக்கு மேலே இருக்கும் தகரமும்தான். மகள் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும், 'அம்மா, உங்க சத்தம் வெட்டி வெட்டி வருது' என்று அவள் மட்டும் சொல்வாள், கவனித்திருப்பீர்கள். டவருக்குச் சக்தி அதிகம். உங்கள் கையில் இருக்கும் சின்ன போன்தான் அத்தனை தூரம் குரலைத் தூக்கி அனுப்பத் திணறுகிறது. டவர் பார்த்த பக்கத்து ஜன்னலருகே நின்று பேசினாலே பாதி சரியாகும். ரவுட்டர் இருந்தால் அதையும் அலுமாரி மேலிருந்து அந்த ஜன்னலுக்கு நகர்த்துங்கள்.

அப்புறம் வீடியோவை அணைத்துவிடுங்கள். குரல் மட்டும் என்றால் நிமிடத்துக்குச் சுமார் அரை எம்பி, வீடியோவுக்கு அதைப்போலப் பத்து மடங்கு. முகம் பார்க்க ஆசையிருந்தால் முதல் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு அணையுங்கள். வட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' திறந்தால் 'யூஸ் லெஸ் டேட்டா ஃபோர் கோல்ஸ்' என்று இருக்கும், அதைப் போட்டு வையுங்கள். 'வட்ஸ்அப் இலவசம்' என்று பெக்கேஜ் எடுத்திருந்தால் அதில் கோலும் சேர்த்தியா என்று ஒருமுறை பாருங்கள். சிலவற்றில் எழுத்துச் செய்தி மட்டும்தான் சேர்த்தி, கோலுக்கு உங்கள் ரீலோட் காசு கரையும்.

ஒன்றும் சரிவராத நாளில் மகனுக்குக் குரல் பதிவு அனுப்புங்கள். லயத்துக்குள் இருந்தே பேசி, அனுப்பும் பட்டனை அழுத்திவிடுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் போனிலேயே காத்திருக்கும். மறுநாள் கொழுந்து மலைக்கு ஏறும்போது தானாகப் போய்ச் சேரும்.

கையிருப்பில் கொஞ்சம் ரீலோட் எப்போதும் வைத்திருங்கள். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் லேண்ட்லைனுக்கு இந்தச் செயலிகளில் காசில்லாமல் எடுக்க முடியாது. 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுவதும் சாதாரண கோலில்தான், அதற்கு மட்டும் காசு பிடிக்காது.