மெஷின் வரும்வரை காத்திருக்கலாமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். எட்டு மாதக் குழந்தைக்குப் பிறவியிலேயே பித்தநாள அடைப்பு. பித்தம் வடிய ஈரலோடு குடலை நேரே இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சை செய்தும் மஞ்சள் இறங்கவில்லை. இனி கல்லீரல் மாற்றுதான் வழி என்று டாக்டர் சொல்லிவிட்டார். செம்பனை ஆலையில் வேலை செய்யும் தாய்மாமன் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தரத் தயார். வீட்டுப் பெரியவரோ, “வெளிநாட்டில் ஈரலை மெஷினில் உயிரோடு வைத்து, இரண்டாக்கிப் பெரியவருக்கும் குழந்தைக்கும் வைக்கிறார்களாம். அது இங்கே வரட்டும், நல்லா இருக்கிற பையனை ஏன் கத்திக்குக் கொடுக்கணும்?” என்கிறாராம்.

காத்திருக்க வேண்டாம் அம்மா. பெரியவர் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த மெஷின் தீர்க்கும் சிக்கல் வேறு, உங்கள் குழந்தையின் சிக்கல் வேறு.

ஓர் ஈரலை இருவருக்குப் பகிர்வது புதிதல்ல. 1988-இல் ஜெர்மனியின் ஹனோவரில் ருடோல்ஃப் பிக்ல்மையர் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் அதைச் செய்தார். இடப்பக்கச் சிறு பகுதி குழந்தைக்கு, மிச்சம் பெரியவருக்கு. தொல்லை கொடுப்பது நேரம்தான். இறந்தவரிடமிருந்து எடுத்த ஈரலைப் பாதுகாப்புத் திரவத்தால் அலசி ஐஸில் வைப்பார்கள். குளிரில் செல்களின் வேலை குறையுமே தவிர அடியோடு நிற்காது. பிராணவாயு கிடைக்காமல் சக்தி தீரும், கழிவு தேங்கும். மறுபடி ரத்தம் பாயும்போது அந்தத் தேக்கமே செல்களைத் தாக்கும். இந்த நிலையில், ஐஸில் வைத்தபடியே ரத்தக்குழாய்களையும் பித்தக்குழாய்களையும் பிரித்து அறுக்க மேலும் சில மணி நேரம் ஆகும்.

மெஷின் இங்கேதான் உதவுகிறது. ஒரு முறையில், சுமார் 10 டிகிரிக் குளிரில் பிராணவாயு ஏற்றிய திரவம் ஈரலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், ஓடும்போதே அறுக்கலாம். இன்னொரு முறையில் உடல் சூடான 37 டிகிரியில் சிவப்பணுக்களும் ஊட்டமும் செலுத்துவார்கள். ஈரல் பித்தம் சுரந்து குழாயில் சொட்டும், தேங்கிய கழிவான லாக்டேட்டின் அளவு இறங்கும். நன்றாக வேலை செய்கிறதா என்று பொருத்துமுன்பே பார்த்துவிடலாம். சூரிச்சில் மூன்று நாள் மெஷினில் வைத்த ஈரலை 2021-இல் ஒருவருக்குப் பொருத்தினார்கள். அது முழு ஈரல். மெஷினில் வைத்துப் பிரிப்பது உலகிலேயே சில மையங்களில்தான் நடக்கிறது.

அந்த மெஷின் நாளைக்கே வந்தாலும் ஈரலை யாராவது தர வேண்டுமே. மூளைச்சாவு அடைந்தவர், பொருந்தும் ரத்தவகை, பிரிக்கத் தகுந்த ஈரல், சம்மதிக்கும் குடும்பம், எல்லாம் கூடிவர வேண்டும். மலேசியாவில் இறந்தபின் தானம் மிகக் குறைவு. உங்கள் தம்பி தந்தால் இரண்டு அறுவை சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் திட்டமிடலாம். ஈரல் ஐஸில் கிடக்கும் நேரம் சொற்பம்; மெஷின் இல்லாதது குறையே இல்லை.

அவரிடமிருந்து எடுப்பது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மிச்சம் சில மாதங்களில் வளர்ந்து ஈடுகட்டிவிடும். ஆனாலும் பெரிய ஆபரேஷன்தான். பித்தக் கசிவு, கிருமித்தொற்று வரலாம். அரிதாக உயிருக்கும் ஆபத்து உண்டு. இதை டாக்டர் வாயாலேயே அவர் கேட்கட்டும், பிறகு மனம் மாறினால் யாரும் குறை சொல்லக்கூடாது. ஈரலில் கொழுப்பு இருந்தால் டாக்டர்கள் அவரை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். அதனால் நீங்களும் உங்கள் கணவரும் இப்போதே பரிசோதனைக்குப் பேர் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. மஞ்சளுக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அடைபட்ட பித்தநாளத்தை அது திறக்காது, கொடுக்காதீர்கள். டாக்டர் எழுதித் தந்த பால்மாவையும் வைட்டமின்களையும் விடாமல் கொடுங்கள், மாற்று சிகிச்சைக்கு எடை முக்கியம். தடுப்பூசிகளில் எவற்றை முன்னதாகப் போட வேண்டும் என்று அடுத்த தடவை கேளுங்கள். கசாய் செய்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். ரத்த வாந்தி, கறுத்த மலம் கண்டாலும் காத்திருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கசாய் செய்த குழந்தை என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.