ஒரு வேலைக்கு ஒரு செஷன்: பைத்தான் டேட்டாபேஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே எஸ்க்யூஎல்ஆல்கெமி (பைத்தானிலிருந்து டேட்டாபேஸோடு பேச உதவும் லைப்ரரி) பற்றியவை.

கேள்வி: ஃபைலின் தொடக்கத்திலேயே ஒரு செஷனை உருவாக்கி, எட்டு த்ரெட்களிலும் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) அதையே பயன்படுத்துகிறேன். சில நாள் ஒழுங்காக ஓடுகிறது, சில நாள் எர்ரர். ஏன்?

ஒழுங்காக ஓடும் நாட்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். செஷன் வெறும் கனெக்‌ஷன் அல்ல. நீங்கள் எடுத்த ரெக்கார்டுகள், மாற்றியவை, இன்னும் கமிட் ஆகாதவை (டேட்டாபேஸில் நிரந்தரமாகாதவை) எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. ஒரு த்ரெட் பாதி வேலையில் இருக்கும்போது இன்னொன்று கமிட் அடித்தால், அந்தப் பாதியும் சேர்ந்து டேட்டாபேஸுக்குள் போய்விடும். ரோல்பேக் அடித்தால் (மாற்றங்களை ரத்து செய்தால்) அடுத்தவர் வேலையும் காலி.

பொதுவில் வைக்க வேண்டியவை எஞ்சினும் (டேட்டாபேஸ் இணைப்புகளை வைத்திருப்பது) செஷன்மேக்கரும் (செஷன்களை உருவாக்கித் தருவது) மட்டும். ஒவ்வொரு த்ரெட்டும் வித் பிளாக்கில் தன் செஷனைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடட்டும். அப்புறம், ஒரு த்ரெட் எடுத்த ஆப்ஜெக்ட்டை இன்னொன்றிடம் நீட்டாதீர்கள். ஐடியைக் கொடுத்தால் போதும், அது தானே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அசிங்க்கில் (ஒரு வேலை காத்திருக்கும்போது இன்னொன்றை ஓட்டும் முறை) த்ரெட் ஒன்றுதானே? ஒரே செஷனை வைத்து கேதரில் (பல வேலைகளைச் சேர்த்து ஓட்டும் கட்டளை) ஐந்து குவெரி ஓட்டலாமா?

கூடாது. த்ரெட் ஒன்றுதான், டாஸ்க் ஐந்து. ஒன்று அவெயிட்டில் (பதிலுக்காகக் காத்து) நிற்கும்போது அடுத்தது அதே செஷனுக்குள் நுழையும். கீழே இருக்கும் கனெக்‌ஷனோ ஒரு நேரத்தில் ஒரு குவெரியைத்தான் பார்க்கும். ஸ்கோப்டு செஷனும் இங்கே உதவாது. வழக்கமாக அது த்ரெட்டைப் பார்த்துத்தான் செஷனைப் பிரித்துக் கொடுக்கிறது; இங்கே எல்லாருக்கும் ஒரே த்ரெட் என்பதால் ஒரே செஷன்தான் கிடைக்கும். டாஸ்குக்கு ஒரு செஷன் திறக்கலாம். சின்னக் குவெரிகள் என்றால் நான் கேதரை விட்டுவிட்டு வரிசையாகவே ஓட்டுவேன்.

கேள்வி: “க்யூபூல் லிமிட் 5, ஓவர்ஃப்ளோ 10” என்று எர்ரர் வருகிறது. பூல் சைஸை 50 ஆக்கிவிடலாமா?

முதலில் கணக்குப் போடுங்கள். பூல் என்பது திறந்து வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன்களின் தொகுப்பு, ஓவர்ஃப்ளோ என்பது தேவைப்பட்டால் அதற்கு மேல் திறப்பது. பூல் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி. நான்கு வொர்க்கர் பிராசஸ், ஒவ்வொன்றுக்கும் 50, மேலே ஓவர்ஃப்ளோ 10 என்றால் மொத்தம் 240. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாக அனுமதிப்பது 100 கனெக்‌ஷன்தான்.

பெரும்பாலும் பூல் சின்னதாக இருப்பது சிக்கலே இல்லை, எடுத்ததை யாரோ திருப்பித் தராததுதான் சிக்கல். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் மாலையானால் சைட் தொங்கும். போஸ்ட்கிரெஸில் எந்த இணைப்பு என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியைத் திறந்து பார்த்தால், வரிக்கு வரி, டிரான்சாக்‌ஷனை முடிக்காமல் சும்மா நிற்பதைச் சொல்லும் “ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்”. ஆர்டரை செலக்ட் செய்துவிட்டு, பேமென்ட் கேட்வேயின் பதிலுக்காக நிற்கிறது கோட். முதல் குவெரி ஓடியதுமே செஷன் ஒரு கனெக்‌ஷனைப் பிடித்துவிடும். கமிட், ரோல்பேக், குளோஸ் இவற்றில் ஒன்று வரும்வரை விடாது. கேட்வே எட்டு விநாடி எடுத்தால் கனெக்‌ஷனும் எட்டு விநாடி சும்மா கிடக்கும். பதினாறாவது ஆள் 30 விநாடி காத்திருந்து எர்ரர் வாங்கிக்கொண்டு போவார்.

தேவையான தொகை, ஐடி இவற்றைச் சாதாரண வேரியபிளில் எடுத்துக்கொண்டு, செஷனை மூடி, பிறகு கேட்வேயை அழைக்கச் சொன்னேன். பதில் வந்ததும் புது செஷன். பூல் சைஸை யாரும் தொடவில்லை.

ஃபாஸ்ட்ஏபிஐ (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) பயன்படுத்துவோருக்கு ஒன்று: சாதாரண (அசிங்க் அல்லாத) டெஃப் ரூட்கள் இயல்பாக 40 த்ரெட் வரை ஓடும், பூலில் இருப்பது 15 (5, ஓவர்ஃப்ளோ 10). நெரிசல் நேரத்தில் இந்த இடைவெளி தெரியும்.

கேள்வி: அசிங்க்கில் கமிட் ஆன பிறகு ஆர்டரின் ஸ்டேட்டஸைப் படித்தால் “மிஸ்ஸிங் கிரீன்லெட்” என்கிறது.

கமிட் ஆனதும் ஆப்ஜெக்ட்டின் மதிப்புகள் காலாவதி ஆகிவிடும். படிக்கப் போனால் மறுபடி குவெரி போட வேண்டும்; புள்ளி வைத்துப் படிக்கும் இடத்தில் அவெயிட் ஏது? செஷன்மேக்கரில் எக்ஸ்பயர்_ஆன்_கமிட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள். உறவு டேபிள்களும் வேண்டுமென்றால் செலக்ட்இன்லோட் போட்டு முன்பே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: குனிகார்ன் சர்வரில் பிரீலோட் (பிராசஸ்கள் பிரியும் முன்பே ஆப்பை ஏற்றுவது) போட்டதிலிருந்து விசித்திரமான எர்ரர்கள்.

ஃபோர்க்குக்கு (தாய் பிராசஸ் பிள்ளைகளாகப் பிரிவதற்கு) முன்பே எஞ்சின் கனெக்‌ஷன் திறந்திருக்கும். ஒரே சாக்கெட்டை எல்லாப் பிள்ளை பிராசஸ்களும் பிடித்து இழுக்கின்றன. போஸ்ட்_ஃபோர்க் ஹூக்கில் (பிரிந்த பிறகு ஓடும் ஃபங்க்‌ஷனில்) எஞ்சினை டிஸ்போஸ் செய்யுங்கள், குளோஸை ஃபால்ஸ் ஆக வைத்து. இல்லையென்றால் தாய் பிராசஸின் கனெக்‌ஷனையும் பிள்ளை மூடிவிடும்.