தாத்தாவின் டகுமார் லென்ஸில் தூரம் மங்கலாகத் தெரிவது பற்றி

வணக்கம் நண்பரே. தாத்தாவின் சூப்பர் டகுமார் 50 எம்எம் லென்ஸை நிக்கான் டி5600-இல் மாட்டினால் கிட்டத்தில் பளிச், தூரத்தில் மங்கல் என்கிறீர்கள். லென்ஸில் கோளாறே இல்லை. இது எம்42 என்ற பழைய திருகு அமைப்பு லென்ஸ், படம் பதியும் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். நிக்கானிலோ அந்த இடைவெளியே 46.5. இரண்டையும் இணைக்கும் வளையமான அடாப்டரின் தடிமன் வேறு சேரும். அந்த ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் வினை: லென்ஸ் அவ்வளவு தள்ளிப் போனாலே தூரத்தில் ஃபோகஸ் ஆகாது.

உள்ளே சின்ன லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் இதைச் சரிசெய்யும்தான், ஆனால் படத்தின் கூர்மையைக் கொஞ்சம் தின்றுவிடும், எனக்குப் பிடிக்காது. பழைய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமரா பாடி ஒன்று கிடைத்தால், அதில் இடைவெளி குறைவு என்பதால் சாதா அடாப்டரே போதும். அதுவரை முகம், பூ என்று எடுங்கள்.

அப்புறம், லென்ஸின் பின்பக்கம் ஓரமாக இருக்கும் சின்ன சுவிட்சை 'எம்' (மேனுவல்) பக்கம் தள்ளுங்கள். 'ஏ'-யில் (ஆட்டோ) இருந்தால் லென்ஸின் எண் வளையத்தை எவ்வளவு திருகினாலும் அப்பர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை, மூடாமல் போகலாம். கேமராவும் மேனுவலில்தான் இருக்க வேண்டும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் வேலை செய்யாது, ஒரு படம் எடுத்துப் பார்த்து வெளிச்சத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.